வெள்ளை நீர்முள்ளி

கும்பப்பூ நெல் அறுப்புக்கு முந்தின மாதங்களில் குமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தங்கரையில் நடந்து பழகியவர்களுக்கு நீர்முள்ளியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தண்ணீர் உள்வாங்கிய சேற்று விளிம்பில், இடுப்பளவு உயரத்தில், கிளை பிரியாத தண்டோடு கூட்டங்கூட்டமாக நிற்கும். கணுவைச் சுற்றி இலைகள், கணுவுக்கு ஆறு மஞ்சள் முட்கள், முள்ளுக்கு நடுவே ஊதாவும் நீலமும் கலந்த உதட்டுப் பூ. மாடு வாய் வைக்காது. வெறுங்காலோடு மிதித்தவன் அன்றைக்கு முழுக்க நொண்ட வேண்டியதுதான். பூவையும் முள்ளையும் பார்த்தால் ஐரோப்பிய மலைச்சரிவுகளில் நிற்கும் திஸ்ல் செடியின் தங்கச்சி என்று சொல்லத் தோன்றும். ஆனால் திஸ்ல் சூரியகாந்தியின் குடும்பம். இது ஆடாதோடைக்கும் கனகாம்பரத்துக்கும் குறிஞ்சிக்கும் சொந்தம்.

சிறுவர்களான எங்களுக்கு அதன் விதைதான் வேடிக்கை. உள்ளங்கையில் நாலு விதையைப் போட்டு எச்சில் தொட்டால் போதும், கொழகொழவென்று ஊதி ஒட்டிக்கொள்ளும். எவன் முதுகிலாவது அப்பிவிட்டு ஓடுவோம்.

பெரியவர்களுக்கு அது மருந்து. எங்கள் ஊரில் ஒரு ஆசான் இருந்தார். வர்மமும் தைலமும் பரம்பரையாக வந்த வீடு. கால் வீங்கிப் படுத்தவர்களுக்கும் நீர்க்கட்டுக்காரர்களுக்கும் நீர்முள்ளிக் குடிநீர் கொடுப்பார். செடியை வேரோடு பிடுங்கிவர எங்களை அனுப்புவார். கூலி, ஒரு துண்டு பனங்கருப்பட்டி. ஒவ்வொரு தடவையும் மறக்காமல் ஒன்று சொல்வார்: "மக்கா, வெள்ளை பூத்தது கெடச்சா இதுல கலந்துராத. தனியா கெட்டு." வெள்ளை பூத்ததை அவர் எதற்கு வைத்துக்கொண்டார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வெள்ளை எந்தப் பக்கம் நிற்கும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மறுகாலுக்குக் கீழே, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும் ஓடைக்கரையில். ஊதாவை விடக் கொஞ்சம் குட்டை, முள்ளும் மெலிவு என்று களை எடுக்க வரும் பெண்கள் சொல்வார்கள்.

பின்னாளில் தாவரவியல் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் இந்தச் செடி எத்தனை பெயர் மாறியிருக்கிறது என்று தெரிந்தது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களை உட்கார வைத்துக் கேட்டுத் தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. நம் மலையாளத்து அண்டை வீட்டார் சொல்லும் வயல்ச்சுள்ளி, டச்சுக்காரர் காதில் விழுந்த மாதிரியே அதில் பஹெல் சுள்ளியாக அச்சேறியிருக்கிறது. 1756இல் லின்னேயஸ் அதை பார்லேரியா பேரினத்தில் சேர்த்தார். 1832இல் நீஸ் அஸ்டெரகாந்தா என்று பிரித்தார். 1962இல் ஹைக்ரோஃபிலா ஆரிகுலேட்டா ஆயிற்று. 1980களில் அல்மெய்டா என்ற பெயருடைய இருவர் வான் ரீடின் சுள்ளியையே திரும்ப எடுத்து ஹைக்ரோஃபிலா சுல்லி என்றார்கள். வெள்ளைப் பூ பூப்பதைத் தனி வகையாகப் பிரித்துப் பெயரிட்டவர்களும் உண்டு. அந்த வரியைப் படித்த ராத்திரி ஆசானின் வீட்டுத் திண்ணையும், தனியே கட்டித் தொங்கவிட்ட அந்தச் சிறு கட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன.

ஆனால் பூவின் நிறம் மட்டும் மாறினால் அது துணையினம், அதாவது ஓர் இனத்துக்குள் தனிப் பிரிவு, ஆகிவிடாது. ஒரு நிலப்பகுதியில் உள்ள கூட்டம் முழுக்க இலையிலோ முள்ளிலோ விதையிலோ நிலையாக வேறுபட்டு நிற்க வேண்டும். செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகம் போன்ற ஒரு இடத்தில் சான்றுத் தாளாக வைக்க வேண்டும். விவரணை அச்சில் வர வேண்டும். 2011 முடியும் வரை அதை லத்தீனில்தான் எழுதியாக வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் போதும். தமிழில் எழுதினால் இன்றைக்கும் செல்லாது. ஆசானுடைய விவரணை எந்த மொழியிலும் எழுதப்படவே இல்லை என்பது வேறு விஷயம்.

மலைப்பக்கம் ஒரு செடியை இப்படித் துணையினமாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ட்ரைக்கோப்பஸ் ஜெய்லானிக்கஸ் என்ற சிறு செடியை 1788இல் இலங்கையிலிருந்து விவரித்தார்கள். நம் அகத்தியர் மலைத் தொடரில் இருப்பது அதன் துணையினம். திருவிதாங்கூரின் பெயரால் ட்ராவன்கோரிக்கஸ் என்று பிரித்தார்கள். அந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களுக்கு அது ஆரோக்கியப்பச்சை. 1987இல் மலையேறிய ஆராய்ச்சிக் குழுவில் எல்லோரும் மூச்சு வாங்க, கூடப்போன காணிகள் அதன் காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. கேரளத்துப் பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் அதைக் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்தது. பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொண்டது. அந்தப் பங்கீட்டில் குறை சொல்ல நிறைய உண்டு. இருந்தாலும் அங்கே கேட்க ஆள் போனார்கள், சொல்ல ஆள் இருந்தார்கள்.

குளத்தங்கரைக்கு யாரும் போகவில்லை. காட்டுச் செடி என்றால் ஆராய்ச்சி, வயல் செடி என்றால் களை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைந்த பத்துகள் வாழையாகி, தென்னையாகி, கடைசியில் வீட்டுமனைக் கல் நட்டாயிற்று. நான்குவழிச் சாலை வயலையும் குளத்தையும் ஊடறுத்துப் போயிற்று. மிச்சமிருக்கும் வயலில் களைக்கொல்லி. களை எடுக்கிற பெண்கள் நூறுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பேத்திகளுக்கு நீர்முள்ளி என்றால் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலமாக வரும் விதை. நாங்கள் வெள்ளை பறித்த ஓடைக்கு இப்போது இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர். ஆசானின் மகன் வளைகுடாவில் இருக்கிறார். ஆசான் வீட்டுப் பரம்பரை ஏடுகளை யாரோ படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போனதாகக் கேள்வி.

2022இல் சுசீந்திரம் – தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. சந்தோஷம். பறவைக்காகக் கிடைத்த மரியாதை அது. கரைச் செடிக்கும் அதில் கொஞ்சம் நிழல் உண்டு. வங்காளத்தில் இதே நீர்முள்ளியின் இலையை குலேகாரா என்று ரத்தசோகைக்குக் கீரையாகச் சந்தையில் விற்கிறார்கள். இங்கே அதைக் குளம் தூர்வாரும்போது முதலில் எடுத்து எறிகிறோம்.

எங்கள் வெள்ளை நீர்முள்ளி துணையினமா, வெறும் நிறம் மாறிய செடியா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கூட்டம் செடி வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வேம்பனூர்ப் பக்கமோ பறக்கைப் பக்கமோ போகிறவர்கள் வெள்ளைப் பூவைக் கண்டால் பிடுங்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் சொல்லுங்கள். அங்கிருந்து வந்து எடுக்கிறவர்கள் பூவின் நிறத்தைச் செடி நிற்கும் இடத்திலேயே சீட்டில் எழுதிவிட வேண்டும். தாளில் காய்ந்தபின் ஊதாவும் வெள்ளையும் ஒரே பழுப்பு.