லைனர் தலைக்கு மேலே மிஞ்சும் சிமெண்ட்

எண்ணெய்க் கிணற்றில் இறக்குகிற எல்லாக் குழாயும் தரை வரைக்கும் வருவதில்லை. 8½ அங்குலத் துளைக்கான 7 அங்குலக் குழாயை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் 9⅝ அங்குல கேசிங்கின் அடிப்பகுதியிலேயே தொங்கவிட்டுவிடுவார்கள். இதுதான் லைனர். இரும்புச் செலவு மிச்சம்! கூடவே ஒரு தலைவலியும் வரும்.

துளை எங்கும் ஒரே அகலமாக இருக்காது. பக்கம் சரிந்து அங்கங்கே பொந்து விழுந்திருக்கும். கணக்காக சிமெண்ட் அனுப்பினால் லைனரின் தலை வரை ஏறாமல் போகலாம், அந்தச் சந்தில் பிறகு வாயு ஏறி வரும். அதனால் தாராளமாகவே அனுப்புவார்கள். மிஞ்சியது லைனர் தலையைத் தாண்டி, லைனரை இறக்கிய டிரில் பைப்பைச் சுற்றி நிற்கும். அது இறுகினால் டிரில் பைப் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் கிணற்றின் சூட்டிலும் அழுத்தத்திலும் சோதித்து, கலவை எத்தனை மணி நேரம் ஓடும் என்று முன்பே பார்த்திருப்பார்கள். ஆனால் சேற்றோடு கலந்த சிமெண்ட் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, சில சமயம் சீக்கிரமே கூழாகிவிடும். ஆகவே லைனரிலிருந்து கருவியைக் கழற்றியதும் பைப்பைக் கொஞ்சம் மேலே தூக்கி, உடனே கழுவ வேண்டும்.

எந்தப் பக்கமிருந்து கழுவுவது? வழக்கமாக பைப்புக்குள் சேற்றை அனுப்பி வெளிச்சந்து வழியே எடுப்பார்கள். தலைகீழாகவும் செய்யலாம். 5 அங்குல பைப்பின் உட்கொள்ளளவு வெளிச்சந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், சிமெண்ட் மிக விரைவாக மேலே வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கெட்டியான கலவையைக் குறுகிய பைப்பில் ஏற்றும்போது உராய்வால் கூடும் அழுத்தம் கீழேயும் இறங்கும். லைனர் தலையில் பேக்கர் வைத்து அடைத்திருந்தால் கவலையில்லை. அடைக்காவிட்டால், கீழே பலவீனமான பாறை பிளந்து, இப்போதுதான் வைத்த நல்ல சிமெண்டே அதற்குள் போய்விடலாம்.

மூன்றாவது வழியும் உண்டு. பைப்பை சிமெண்டுக்கு மேலே உருவிவிட்டு, இறுகியதும் பிட் இறக்கித் துளைப்பது. ரிக் வாடகைக்கு இது வீண் நாள். சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. பாறை பலவீனம், பேக்கரும் இல்லை என்றால் அதுதான் புத்திசாலித்தனம்.

கழுவி மேலே வரும் சிமெண்ட் தொட்டியில் இறுகாமலிருக்க என்ன போடுவார்கள் தெரியுமா? சர்க்கரை! காபிக்குப் போடும் அதே சர்க்கரைதான், மூட்டை மூட்டையாக :)