காடாத் துணியும் ஆகாய விமானமும்

சோமனூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடுகிற ஊரில் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? அந்தச் சத்தத்தையும் அமுக்குகிற சத்தம் ஒன்று உண்டு. பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களின் சத்தம். 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு அங்கே வந்த பிறகு கேட்கவே வேண்டாம்!

அந்த ஊர்ப் பையன் ஒருவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பி.காம். மூன்றாம் ஆண்டு. வீட்டில் எட்டுத் தறி, கூலிக்குக் காடா ஓட்டுகிற குடும்பம். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் எல்லாம் வாரக்கணக்கில் நின்றபோது அவன் பதினொன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் நின்றுபோன வீட்டில், மேலே போகிற விமானத்தின் சத்தம் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது. அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. சின்ன விமானம் ஒன்றைத் தானே ஓட்ட வேண்டும், பிறகு அதையே தொழிலாக்க வேண்டும்.

ஆசை இருந்தால் போதுமா? விதி என்று ஒன்று இருக்கிறதே! (தலைவிதி இல்லை, டி.ஜி.சி.ஏ. விதி.)

மாணவர் விமானி உரிமத்துக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவச் சான்றும் வேண்டும். அடுத்தது தனியார் விமானி உரிமம். அதற்கு 17 வயது, 40 மணி நேரம் பறந்த அனுபவம். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும். 18 வயது, 200 மணி நேரம். அதோடு பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. வணிக விமானி உரிமத்துக்கு வணிகவியல் படித்தவன் ஆகாது, என்ன கொடுமை பாருங்கள்! இந்த விதியைத் தளர்த்தலாம் என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. ஆனால் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுத வழி இருக்கிறது.

பயிற்சியில் என்னதான் சொல்லித் தருவார்கள்? பலரும் நினைப்பதுபோல ஸ்டீயரிங் பிடித்துத் திருப்புவது இல்லை. தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது கால். தறிக்குழியில் உட்கார்ந்து கைத்தறி நெய்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கை ஒரு வேலை, கால் ஒரு வேலை, கண் வேறெங்கோ!

அடுத்த பாடம் இன்னும் விநோதம். விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் போய் விமானம் விழத் தொடங்கும். விழும்போது மனசு என்ன சொல்லும்? மேலே இழு என்று சொல்லும். இழுத்தால் கதை முடிந்தது. மூக்கைக் கீழே தள்ள வேண்டும். வேகம் கூடும், இறக்கை மறுபடி காற்றைப் பிடிக்கும், அதன்பிறகுதான் மேலே வர வேண்டும். பயத்துக்கு எதிராகக் கையைப் பழக்குவதுதான் பயிற்சியில் பாதி.

இதையெல்லாம் அவன் தறிக் கொட்டகையில் நின்று அப்பாவிடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நூல் அறுந்தா தறி நின்னுக்கும். மேல போறப்ப எஞ்சின் நின்னுபோனா என்ன கண்ணு பண்ணுவ?"

"உடனே விழாதுங்ப்பா. ஆயிரம் அடி ஒசரத்துல இருந்தா ரெண்டரை கிலோமீட்டர் வரைக்கும் மெதந்துட்டே வரும். அதுக்குள்ள எறங்க ஒரு எடம் பாத்துக்கோணும்."

அவர் ஒன்றும் சொல்லாமல் அறுந்த இழையை முடிந்துவிட்டு நகர்ந்தார்.

விமானத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கைக்குப் போர்த்தியது பருத்தித் துணி! 1930-களில் இந்தியாவில் பலரும் கற்றுக்கொண்ட ஜிப்ஸி மாத் விமானமும் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியதுதான். பாவுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி அந்தத் துணிக்கு ஒருவித வார்னிஷ் பூசி விறைப்பாக்குவார்கள். 1930-ல் ஆகா கான் பரிசுக்காக இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து வென்ற ஆஸ்பி எஞ்சினியருக்கு வயது 17. போட்டியில் எதிர்த்திசையில் பறந்த ஜே.ஆர்.டி. டாடா எகிப்தில் அவரைச் சந்தித்தபோது, ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்த பையனுக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனார், பரிசையும் இழந்தார். 1936-ல் லாகூரில் சரளா தக்ரால் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத்தைத் தனியாக ஓட்டினார். வயது 21, வீட்டில் நான்கு வயது மகள்.

தனியாகப் பறப்பது என்பதுதான் மாணவர் விமானியின் திருநாள். ஒருநாள் பயிற்சியாளர் முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கிக்கொண்டு "போய்ட்டு வா" என்பார். பக்கத்து இருக்கை காலி. ஒரு ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மேலே எழும்பும். ஒரு சுற்று சுற்றி இறங்க வேண்டும், அவ்வளவுதான். இறக்கிவிட வேறு யாரும் இல்லை என்பதுதான் பாடம்.

சரி, பணம்? வணிக உரிமம் வரை போக ஏறக்குறைய 50 லட்சம் ஆகும். எட்டுத் தறியையும் விற்றாலும் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். ஒரு ராத்திரி அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"பேங்குல வெச்சுக்கலாம் சாமி. நீ போய்ப் படி."

அவன் பி.காம். மாணவன் ஆயிற்றே, கணக்குப் போட்டான். 11 சதவீத வட்டி என்றாலும் வட்டி மட்டும் மாதம் 45,000 ரூபாய்க்கு மேல். உரிமம் கையில் வந்த அன்றே வேலை கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மருத்துவப் பரிசோதனையில் கண்ணோ காதோ தேறாவிட்டால்? பணம் கட்டிய பிறகு அது தெரிந்து என்ன பயன்?

விழும்போது மேலே இழுக்கக் கூடாது என்று படித்தவன் அல்லவா அவன்? பத்திரத்தை எடுத்து அப்பாவின் பீரோவிலேயே திரும்ப வைத்தான்.

"மொதல்ல கண்ணு, காதெல்லாம் காட்டிட்டு வந்தர்றனுங்ப்பா. அப்பறம் பிசிக்ஸ், மேத்ஸ் ரெண்டையும் எழுதறேன். தேறுனா இதப் பத்திப் பேசலாம்."

இப்போது கல்லூரி விட்டு வந்ததும் தறிக் கொட்டகையில் ஒரு மூலையில் உட்கார்ந்து நியூட்டனின் விதிகளைப் படிக்கிறான். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே விமானம் போனால் நிமிர்ந்து பார்க்கிறான். பிறகு விட்ட வரியிலிருந்து படிக்கிறான்.