எர்லி என்கிற சொல்

இரைப்பைப் புற்றுநோயில் 'எர்லி' என்பது காலத்தைக் குறிக்கும் சொல் அல்ல, ஆழத்தைக் குறிப்பது. 1962-ல் ஜப்பானிய எண்டோஸ்கோபி மருத்துவர்கள் வகுத்த இலக்கணம்: கட்டி, இரைப்பைச் சுவரின் உள்படலத்தையோ அதற்கடுத்த படலத்தையோ தாண்டாதிருந்தால் எர்லி. எத்தனை நாளாக இருக்கிறது என்பது கணக்கில் இல்லை. நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தாலும் பெயர் மாறாது.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் என் சித்தப்பாவுக்கு இதை நான்தான் விளக்கினேன். வீட்டில் பி.ஏ. இங்கிலீஷுக்குக் கிடைத்த முதல் உபயோகம். "எர்லின்னா இன்னும் டயம் இருக்குன்னுதானேடா?" என்று கேட்டிருந்தார். ஆழக்கணக்கைச் சொன்னதும் கோயிலுக்குப் போய்விட்டார்: "ஏழு பிராகாரத்துல ரெண்டாவதைத் தாண்டலைங்கறே."

உவமை சரிதான். ஆனால் அந்த இரண்டாம் படலத்தில் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. மதிலைத் தாண்டாமலே வாய்க்கால் வழியாக வெளியேறிவிட முடியும். பெரும்பாலும் அப்படி நேர்வதில்லை. ஜப்பானில் இந்தக் கட்டத்தில் அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ஐந்து வருஷம் கடந்து வாழ்கிறார்கள். அபூர்வமாகச் சிலருக்கு, அறுவைக்குச் சில வருஷங்கள் கழித்து, எலும்பில் தெரிகிறது. முத்திரை மோதிரம் மாதிரி, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்ட ஒருவகை செல்கள் உண்டு. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாதவை. தனித்தனியே கிளம்பி மஜ்ஜைக்குள் போய்த் தங்கிவிடும்.

சித்தப்பாவுக்கு அதுதான். இரண்டு வருஷம் கழித்து இடுப்புவலி. திண்ணைத் தூணில் சாய முடியவில்லை. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறி, பிளேட்லெட் இறங்கியிருந்தது. ஸ்கேனில் முதுகு, விலா, இடுப்பு எங்கும் கறுப்புத் திட்டுகள். பழைய அறிக்கையிலோ ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

குரோசாவாவின் 'இகிரு' (1952) பற்றிப் பேசும் நம்மவர்கள் பனியில் ஊஞ்சலாடும் கிழவரிடமே போய் நிற்கிறார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் காட்சிதான் பெரிது. வயிற்றுப் புற்றுநோய் என்றால் டாக்டர்கள் லேசான புண் என்பார்கள் என்று ஓர் அந்நியன் சொல்லிவிடுகிறான். உள்ளே டாக்டர் அதையே சொல்கிறார். பொய்யிலிருந்தே வாத்தனாபேக்கு உண்மை கிடைத்துவிடுகிறது. (அவர் முத்திரை குத்தும் மேஜையை வங்கிக்காரன் எவனும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.) சித்தப்பாவுக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் யாரும் பொய் சொல்லவில்லை.

புதிய அறிக்கையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். சமையலறைக்குக் கூப்பிட்டு, "எலும்புத் தேய்மானம்னு எழுதேன்" என்றாள் சித்தி. 'எலும்புகளுக்குப் பரவியிருக்கிறது' என்றே எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"பரவியிருக்கு, சரி. எப்போன்னு போடலையே?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே போயிருக்கலாம், சித்தப்பா."

காகிதத்தை நாலாக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். கதிர்வீச்சுக்குத் திருச்சி போக இனி ஆட்டோ வேண்டாம், கார் சொல்லு, முதுகு தாங்கலை என்றார்.