முழந்தாளிடாத இளைஞன்



பல ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பங்குத் தந்தையாகப் பணியாற்றினேன். ஞாயிறு திருப்பலிக்கு வரும் பழங்குடி இளைஞன் ஒருவன் கடைசித் தூணில் சாய்ந்தே நிற்பான், எழுந்தேற்றத்தின்போதும் முழந்தாளிடமாட்டான். நடையிலும் தள்ளாட்டம் இருந்தது. “குடிதான், சாமி” என்று சிலர் என் காதில் ஓதினர். நானும் நம்பினேன். ஒரு ஞாயிறன்று அவனைப் பார்த்தவாறே மதுவின் தீமையைப் பற்றி மறையுரை ஆற்றினேன்.

அன்று மாலை தாயுடன் வந்து நின்றான். “சாமி, நான் ஒரு நாளும் குடித்ததில்லை. இடுப்புத்தான் மடங்க மறுக்கிறது” என்றான். நாணித் தலைகுனிந்தேன். மறுநாளே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

இடுப்பு மூட்டினுள் தொடையெலும்பின் தலை, பந்துபோல் பொருந்தியுள்ளது. அதற்கு இரத்தம் கொணரும் குழாய்கள் மிகச் சிறியவை. அவை அடைபட்டால் எலும்பு மடிந்து நொறுங்கும். மிகுந்த குடியும், நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் இதற்குக் காரணமாவதுண்டு. ஆயின் இவனுக்கு வந்தது பிறவியிலேயே அமைந்த அரிவாள் செல் சோகை. வட்டமான சிவப்பணுக்கள் கதிரரிவாள்போல் வளைந்து குழாய்களை அடைத்துவிடுகின்றன. நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்நோய் மரபு இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர்.

“அப்படியானால் என் பிள்ளையை நான்தான் முடமாக்கினேனா?” என்று அத்தாய் கதறினாள். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: “இல்லை அம்மா. தாயிடமும் தந்தையிடமும் இம்மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஒன்று மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். மலேரியாக் காய்ச்சல் மலிந்த காடுகளில் அந்த ஒன்றே உங்கள் முன்னோரின் பிள்ளைகளைக் காத்திருக்கிறது.”

அவன் தங்கைக்கு அத்தை மகனுடன் மணம் பேசியிருந்தனர். திருமண ஓலை வாசிக்குமுன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டினேன். பெண்ணிடம் அம்மரபணு ஒன்று இருந்தது; மாப்பிள்ளையிடம் இல்லை. ஆகவே அவர்கள் பிள்ளைகளுக்கு இந்நோய் வராதென அறிந்து, மனநிறைவுடன் மந்திரித்தேன்.

இது மலைவாழ் மக்களின் துயர் மட்டுமன்று. தைவானில் சில குடும்பங்களில் கொலாஜன் என்னும் புரதத்தின் மரபணுவில் நேர்ந்த பிழையே தலைமுறைதோறும் இடுப்பெலும்பை மடியச் செய்ததென 2005ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். ஆதலால் இளம் வயதில் தொடையிடுக்கில் வலி நீடித்தால், அதிலும் குடும்பத்தில் இந்நோய் இருந்தால், தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்-ரே படம் காட்டாததையும் எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

பிறவிக் குருடனைக் கண்டதும், பாவம் செய்தது யார் என்றே சீடர் வினவினர். அப்பகுதியை எத்தனையோ முறை விளக்கிய நானும் அதே வினாவைத்தான் மனத்துள் கேட்டிருந்தேன். அடுத்த ஞாயிறு மக்கள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அத்தூணருகே ஒரு நாற்காலி போடச் செய்தேன்.