தூரத்து முகம்

ஏழாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை, எங்கள் அறிவியல் சார் தன் லேப்டாப்பையும் யாரிடமோ இரவல் வாங்கிய புரொஜக்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்தோம். கரும்பலகைக்கு மேல் சாரின் வெள்ளை வேட்டியைக் கட்டினோம். ‘கிஃப்டட் ஹேண்ட்ஸ்’ என்ற படம். 2009-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. பென் கார்சன் என்ற மூளை அறுவை மருத்துவரின் கதை. வசனம் எங்களுக்குப் புரியாது என்பதால், சார் அடிக்கடி படத்தை நிறுத்திக் கதை சொன்னார்.

நான் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் வேட்டியில் அசைந்தவர்களின் மூக்கும் கண்ணும் எனக்குக் கலங்கித்தான் தெரிந்தன. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன். போர்டில் எழுதுவதைப் பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் எழுதுவேன். ஆறாம் வகுப்பில் அதற்காகப் பிரம்படி வாங்கியிருக்கிறேன். ‘மண்டையில ஒண்ணும் ஏறல’ என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டார்கள்.

படத்தில், டெட்ராய்ட் நகரத்தில், ஐந்தாம் வகுப்பில், கணக்குப் பரீட்சையில் சிறுவன் பென்னுக்கு ஒன்றுகூடச் சரியில்லை. டீச்சர் ஒவ்வொருவராக மார்க் கேட்கிறார். ‘நன்’, ஒன்றுமில்லை, என்று முணுமுணுக்கிறான். அது ‘நைன்’ என்று காதில் விழுந்து, ஒன்பதா என்று டீச்சர் பாராட்டிவிடுகிறார். பிறகு குட்டு உடைந்து வகுப்பே சிரிக்கிறது. எங்கள் வகுப்பும் சிரித்தது. எனக்கு மட்டும் அடிவயிறு கூசியது.

அப்புறம் பள்ளியில் அவனுக்குக் கண் பரிசோதனை நடக்கிறது. அவனுக்குப் பார்வை மிகவும் மோசம். கண்ணாடி கிடைத்த பிறகுதான் போர்டில் எழுத்து இருப்பதே அவனுக்குத் தெரிகிறது. சார் படத்தை நிறுத்தி இதைச் சொன்னபோது, நான் எழுந்து நின்று, “சார், எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்றேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் அதுவரை நான் வாயே திறந்ததில்லை.

சார் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து மீதிப் படத்தைக் காட்டினார்.

பென்னின் அம்மா சோன்யா மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். புருஷனைப் பிரிந்து, அடுத்தவர் வீடுகளில் துடைத்துப் பெருக்கிப் பிள்ளைகள் இருவரையும் வளர்த்தவர். டிவியைக் குறைத்து, வாரத்துக்கு இரண்டு புத்தகம் நூலகத்தில் எடுத்துப் படித்து, அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். எழுதிய தாளில் டிக் போடுவார். அதில் இருப்பதை அவரால் வாசிக்க முடியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. மனம் உடைந்து போகும்போது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மனநல மருத்துவமனையில் போய்ச் சேர்ந்து, திரும்பி வருவார். அதுவும் அவர்களுக்குத் தெரியாது.

1987-ல், பின்னந்தலை ஒட்டிப் பிறந்த ஜெர்மானிய இரட்டைக் குழந்தைகளின் கதையில் தொடங்கி, அவர்களைப் பென்னின் குழு பிரித்த அறுவை சிகிச்சையில் படம் முடிகிறது. 70 பேர், 22 மணி நேரம். தலைக்குள் பெரிய ரத்தக் குழாய் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதை வெட்டினால் ரத்தம் போய்விடும். அதனால் உடலைக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். பிழைத்த அந்தக் குழந்தைகளுக்கு இயல்பான வாழ்க்கை அமையவில்லை என்று பல வருடம் கழித்துப் படித்தேன். படம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தாலும் எனக்கு அந்த டாக்டர் மேல் மதிப்புக் குறைந்திருக்காது.

அந்த வருடமே அரசுத் திட்டத்தில் பள்ளிக்கு வந்து கண் பார்த்தார்கள். சார் என்னை முதல் ஆளாக நிறுத்தினார். சில வாரங்களில் கண்ணாடி வந்தது. கறுப்பு ஃபிரேம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தும்.

அம்மா சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை பார்த்தது. குச்சியை எண்ணாது. ஒரு பிடி அள்ளினால் ஒரு பெட்டிக்கு அளவாக இருக்கும். சாயங்காலம் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து தெரு முனையில் திரும்புவார்கள். எல்லாம் ஒரே கலங்கலாகத் தெரியும். அதில் அம்மா எது என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். வாசலுக்கு வரும்போது அம்மா எப்போதும் சிரித்தபடிதான் வரும். “ஏய்யா, சாப்டியா?” என்று கேட்டுக்கொண்டே தூக்குச்சட்டியை என் கையில் கொடுக்கும். தீப்பெட்டி ஆபீஸ் வேலை லேசான வேலை என்று அதனால்தான் நான் நினைத்திருந்தேன்.

கண்ணாடி வந்த அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்தில் இலை தனித்தனியாகத் தெரிந்தது. எதிர்வீட்டு ஓட்டில் காய்ந்த பாசி தெரிந்தது. தெரு முனையில் பெண்கள் திரும்பினார்கள். விளக்குக் கம்பத்தடியில் அம்மா நின்றது. கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்ல நிமிர்த்தியது. முகம் வெளிறிக் கிடந்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து மூச்சு விட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தது, தூக்குச்சட்டியைக் கை மாற்றியது. வீட்டைப் பார்த்துத் திரும்பியதும் சிரித்தது.

“கண்ணாடி வந்துருச்சா? எங்க, காட்டு” என்றது.

நான் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தேன்.