மாமாவின் கிளினிக் கொப்பி

குருநகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், இரவில் தண்ணீர்க் குடம் சத்தம் போட்டால் மாமா எழும்பிவிட்டார் என்று அர்த்தம். குடித்துவிட்டுப் படுப்பார், சற்று நேரத்தில் திரும்பவும் வருவார். "கடற்கரைப் புழுக்கம் மகள்" என்பார் உம்மா.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மாமா இளைஞர். புத்தளம் முகாமில்தான் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. குளிசைகளால் அவை அடங்கின. அந்த நிம்மதியில், மாதாமாதம் மருந்து எடுத்தால் போதும் என்றிருந்துவிட்டோம். பெருநாள் சட்டை வயிற்றில் பூட்டுப்படாததைக்கூடப் பகிடியாகவே எடுத்தோம்.

ஒருநாள் மாமாவுடன் நான் கிளினிக் போனேன். வரிசையில் இருந்து அவருடைய கொப்பியைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு மருந்துகள். நிறை இல்லை, பிரஷர் இல்லை, சீனிப் பரிசோதனை இல்லை. டொக்டரிடம் கேட்டேன். அவர் உடனே பரிசோதனைகளை எழுதித் தந்தார். மாமாவுக்குச் சீனி மிகக் கூடியிருந்தது.

டொக்டர் விளக்கினார். இம்மருந்துகளில் சில பசியையும் நிறையையும் சீனியையும் கூட்டும். சில இதயத் துடிப்பைக் குழப்பும். அதனால் ஈசிஜி தேவை. ஒவ்வொரு மருந்தும் அதன் உச்ச அளவில் 60 வீதம் என்றால் பயமில்லை என்று தோன்றும். சேர்த்தால் 120 வீதம், அது உயர் அளவு. குளோசபின் என்ற மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும். 1975இல் பின்லாந்தில் அதனால் சிலர் இறந்தார்கள். அதை எடுப்பவர்களுக்கு முதல் 18 வாரமும் வாரந்தோறும் இரத்தம் பார்ப்பது அந்தப் பாடத்தால் வந்த வழமை.

"அப்ப குளிசையை நிப்பாட்டுங்கோ" என்றார் சாச்சி. டொக்டர் அதைத்தான் கண்டிப்பாகத் தடுத்திருந்தார். திடீரென நிறுத்தினால் வருத்தம் திரும்பும். அளவை அவரே மெல்ல மெல்லக் குறைத்தார்.

இப்போது கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: நிறை, இடுப்பளவு, பிரஷர், சீனி, ஈசிஜி எடுத்த திகதி. கை நடுக்கமோ உடல் விறைப்போ இருந்தால் அதையும் எழுதுவேன். நோன்பு பிடிக்கலாமா, குளிசையை எந்நேரம் எடுப்பது என்று றமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுவிடுகிறோம். பின்னேரங்களில் மாமாவும் நானும் இறங்குதுறைப் பக்கம் நடக்கிறோம்.

மாமா அமைதியாக இருந்தார். அதையே சுகம் என்று நாங்கள் எண்ணிவிட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அவருடைய கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

போன மாதம் அளவு நாடாவை மாமாவே எடுத்து வந்து நீட்டினார்.

"இந்தமுறை எவ்வளவு எண்டு பார் மகள்."