ஒற்றைக் குரல் ஆமீன்

சின்னத் தாத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். “எண்பத்தொண்ணுல துட்டு வாங்கிட்டு மாறுனவருல்லா.” அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். பந்தியில் அடுத்த இலைக்குச் சாம்பார் போய்விடும்.

அவரை நான் பார்த்ததில்லை. தாத்தாவின் கடைசித் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். ஆனால் அந்த ஒரு வரி சின்ன வயதிலிருந்தே எனக்கு உறுத்தல். இருபது வருடம் மூட்டை தூக்கிய மனிதர் அவர். கடைசிவரை ஓட்டு வீட்டில்தான் இருந்தார். அந்தத் துட்டு எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு 1981 என்றால் மீனாட்சிபுரம்தான். பிப்ரவரி 19 அன்று சுமார் 180 தலித் குடும்பங்கள் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தன. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வந்தது. பிறகு டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்ததும், வளைகுடாப் பணம் என்று பத்திரிகைகள் எழுதியதும் எல்லோருக்கும் தெரியும். சின்னத் தாத்தா இருந்தது வேறு ஊர். ஆனால் அவர் பெயர் மாற்றிய அரசிதழ் அறிவிப்பு 1982-ஆம் வருடத்தது. அந்தத் தாளை அவர் மகள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அவர் சின்ன அத்தை. இன்னாருடைய மகன், இந்தத் தேதியில் பிறந்தவர், இனி இந்தப் பெயரால் அழைக்கப்படுவார். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. வருடத்தைப் பார்த்தால் வீட்டில் சொல்கிற கதைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஏன் மாறினார் என்பதைத்தான் முதலில் தேடினேன். மீனாட்சிபுரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். டீக்கடை, கிணறு, போலீஸ் அடி, நிலம், மரியாதை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் எதிலும் சின்னத் தாத்தா இல்லை. கலிமா சொன்ன மறுநாள் விடியற்காலையில் ஒரு மனிதர் என்ன செய்தார், அரபியில் ஓத யாரிடம் கற்றார், எத்தனை நாள் தப்பும் தவறுமாக ஓதினார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கடைசியில் அவர் தொழுத பள்ளிவாசலுக்கே போனேன். அங்கே ஒரு பழைய மோதினார் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். பாங்கு சொல்வதை மகன் வயதுக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு, ஒளு செய்கிற ஹவுளுக் கரையிலேயே உட்கார்ந்திருப்பார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சின்னத் தாத்தாவை நன்றாகத் தெரியும் என்றார். ஏன் இஸ்லாத்துக்கு வந்தார் என்று கேட்டேன்.

“அத நான் கேக்கல. வந்தவங்ககிட்ட அதக் கேக்கக் கூடாது தம்பி.”

பிறகு லுஹருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். அடுத்த முறை போனபோதும் அதே பதில்தான். எந்தப் பக்கம் சுற்றி வந்து கேட்டாலும் அந்தக் கேள்விக்கு அவரிடம் வாசல் கிடையாது. ஒருநாள் அஸருக்கு ஒளு செய்துகொண்டிருந்தார். மணிக்கட்டு வரை கையை மூன்று முறை கழுவினார். வாய் கொப்பளித்தார், மூக்குக்கு நீர் செலுத்தினார், முகம் கழுவினார். வலது கையை முழங்கை வரைக்கும் கழுவி, பிறகு இடது கை. தலையைத் தடவி, காதுக்குள் விரல் விட்டு, கடைசியாகக் கால். விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டுத் தேய்த்தார். அவசரமே இல்லை. முடித்துவிட்டு ஈரக் கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஒங்க தாத்தா தொழுகையில எப்படி நிப்பாருன்னு தெரியுமா?”

“தெரியாது பாய். நான் பாத்ததில்ல.”

“பாத்தவங்க வீட்ல யாரும் இல்லையா?”

“அப்பா பாத்திருக்கலாம்.”

“அப்ப மொதல்ல அதக் கேட்டுட்டு வாங்க. மனுசன் எப்படித் தொழுதாருன்னே தெரியாம, ஏன் தொழுதாருன்னு எழுதப் போறீங்களா?”

அன்றோடு என் தேடலின் திசை மாறிவிட்டது.

அப்பா அந்தக் காலத்துப் பையன். எல்லோரும் ஒரே வளவில் இருந்த நாட்கள் அவை. புறவாசலில், வேப்பமரத்துப் பக்கம், விடிவதற்கு முன் சித்தப்பா நிற்பதைப் பார்த்து அரண்டுபோய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டது அவருக்கு நினைவிருக்கிறது. எப்படி நின்றார் என்று கேட்டேன். எழுந்து நின்று செய்து காட்டினார். நெஞ்சுக்குக் கீழே கை கட்டினார். குனியப் போகும்போது இரண்டு கையையும் தோள்வரை தூக்கினார், நிமிரும்போது மறுபடியும் தூக்கினார். அப்புறம் நிமிர்ந்து நின்றவாறே மழைத்தண்ணீரைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கைகளை ஏந்தினார். “இப்படியே ரொம்ப நேரம் நிப்பாரு. வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்.”

அந்தப் பள்ளிவாசல் ஹனபி முறையில் தொழுகிற ஜமாஅத். ஹனபிகள் தொழுகையின் தொடக்கத்தில் மட்டும் கையை உயர்த்திக் கட்டுவார்கள். குனிந்து நிமிரும்போது உயர்த்தமாட்டார்கள். அப்படியானால் சின்னத் தாத்தாவின் தொழுகை அங்கே கற்றது அல்ல. தமிழ்நாட்டில் எண்பதுகளில் பரவிய தவ்ஹீத் பிரசாரத்தில் சேர்ந்தவர்கள் குனிந்து நிமிரும்போது கையை உயர்த்துவார்கள். எனவே அவர்களில் யாரோதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கமாகவே ரொம்ப நாள் தேடினேன். 1982-க்கும் அது பொருந்தி வந்தது. அந்தக் காலத்துப் பேச்சாளர்கள், அந்த வட்டாரத்தில் நடந்த கூட்டங்கள் என்று விசாரித்துக்கொண்டே போனேன். சின்னத் தாத்தாவைத் தெரிந்தவர் ஒருவர்கூட அகப்படவில்லை.

மோதினாரிடம் போய் அப்பா செய்து காட்டியதைச் செய்து காட்டினேன். தவ்ஹீத்காரர்களைத் தேடி வருகிறேன் என்றும் சொன்னேன்.

“அந்தக் கை ஏந்துனது குனியறதுக்கு முந்தியா, நிமிந்த பெறகா?”

“நிமிந்த பெறகு.”

“விடியக்காலமா?”

“ஆமா.”

“அப்ப அது விடியத் தொழுகையில ஓதுற துஆ, சுபுஹு குனூத்து. தவ்ஹீத்காரங்க கைய ஒசத்துவாங்க, ஆனா தெனமும் சுபுஹுல குனூத்து ஓத மாட்டாங்க. அது சாஃபி தொழுகை.” பிறகு, அத்தனை நாள் வாய் திறக்காதவர் தானாகவே சொன்னார். “இங்க நாங்க ஆமீன வாய்க்குள்ள சொல்லிக்கிடுவோம். ஒங்க தாத்தா வந்த பெறகு மஃரிபுல, இஷாவுல முன் வரிசையில ஒத்தக் கொரலு கேக்கும். ஆமீன்னு. யாரும் ஒண்ணும் சொல்லல. யாருகிட்ட ஓதுனீங்கன்னு அஸ்ரத் ஒருநா கேட்டாரு. மொதலாளிகிட்டன்னாரு.”

ஊர் முழுக்கக் கைகட்டி மௌனமாக நிற்கும்போது தனக்குச் சொல்லிக் கொடுத்தவரின் முறையை விடாமல் வைத்திருந்த அந்த ஒற்றைக் குரலை நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். துட்டுக்கு மாறியவர் எதற்கு அந்த ஆமீனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? வந்த ஊரின் முறைக்கு மாறிக்கொள்வதுதானே எளிது.

முதலாளி யார் என்று சின்ன அத்தைக்குத் தெரிந்திருந்தது. திருநெல்வேலியில் மண்டி வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர். “வாப்பா கல்யாணத்துக்கு முந்தியே அங்க மூட தூக்கப் போயிட்டாங்க.” காயல்பட்டினமும் கீழக்கரையும் சாஃபி ஊர்கள். கடலோடு பிழைத்த ஊர்களில் அந்த மத்ஹபுதான், அதாவது அந்தச் சட்ட மரபுதான், வேரூன்றியிருக்கிறது. அத்தை உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். மண்டியில் பற்று வரவு எழுதுகிற நீள நோட்டு. முன்பக்கங்களில் வத்தல், மல்லி, புளி, எடை, ரூபாய். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பென்சிலில் சின்னத் தாத்தாவின் கையெழுத்து. அல்ஹம்து சூரா முழுக்கத் தமிழ் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தில் அடங்காத ஓசைகளுக்கு எழுத்தின் கீழ் ஒரு கோடு, சிலவற்றுக்கு இரண்டு. மூச்சு விட வேண்டிய இடங்களில் சாய்வாக ஒரு கீறல். அடுத்து குர்ஆனின் கடைசியில் வரும் சின்ன சூராக்கள். அதன் பிறகு தொழுகை இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்து, குனூத்து. குனூத்துப் பக்கம் மட்டும் அழித்து அழித்து எழுதியதில் தாள் தேய்ந்து பொத்தல் விழுந்திருந்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அந்தத் தமிழ் எழுத்தே அவருக்குத் தடவித் தடவித்தான் வரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மூட்டை இறக்கிய கையோடு, புளிக் கணக்குக்குப் பின்னால், தெரியாத மொழியைத் தெரிந்தும் தெரியாத எழுத்தில் ஒவ்வொரு ஓசையாக இறக்கி வைத்திருக்கிறார். கலிமா சொல்ல ஒரு நிமிடம் போதும். உறுதியான மனமும் நாவும்தான் அதற்கு வேண்டும். தாளோ சபையோ கிடையாது. அதற்குப் பிறகு வருகிற வேலை இந்த நோட்டு.

நோட்டை மோதினாரிடம் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டு விரல் வைத்துப் படித்தவர் அத்தஹிய்யாத்தின் முதல் வரியிலேயே நிறுத்தினார். “முபாரகாத்துன்னு எழுதியிருக்காரு பாருங்க. எங்க ஓதல்ல அந்த எடத்துல இது வராது. சாஃபிக்காரங்க ஓதுறது.” முதலாளி யார் என்பதில் எனக்கிருந்த கொஞ்சம் சந்தேகமும் போயிற்று.

எப்போது என்பதுதான் மிச்சம். அதைச் சொன்னவர், சின்னத் தாத்தா மேல் வீட்டிலேயே அதிகக் கோபம் வைத்திருந்த பெரிய அத்தை. அப்பாவின் அக்கா. என் தேடலைக் கேள்விப்பட்டதும், வருடக்கணக்காகச் சொல்லும் பிராதை மறுபடியும் ஆரம்பித்தார். “ஒரு தீவாளிக்கு ஆச்சி விடியவிடிய சுட்ட முறுக்க சித்தப்பா தொடவே இல்ல. எண்ண தேய்ச்சுக்கிட்டாரு, புதுத்துணி உடுத்துனாரு, ஆனா ஒரு வாய் தண்ணி குடிக்கல. வயிறு சரியில்லங்காரு. சித்தி மாசமா இருக்கா, அவகூடக் கெஞ்சுதா. கேக்கல. அன்னிக்கே எனக்கு மனசு விட்டுப்போச்சு.”

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. பிறைக் கணக்கில் ஓடும் ரமலான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். தீபாவளி நம் பஞ்சாங்கப்படி ஐப்பசியை விட்டு நகராது. இரண்டும் ஒன்றாக விழுவது முப்பது வருடத்துக்கு மேல் நீளும் ஒரு சுற்றில் ஓரிரு வருடங்கள்தான். மீனாட்சிபுரம் நடந்த அதே 1981-ல் ரமலான் ஜூலையில் வந்தது. தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய நாட்காட்டிகளைப் பின்னோக்கிப் புரட்டினால் எழுபதுகளில் இரண்டே வருடங்கள்தான் தீபாவளி ரமலானுக்குள் விழுகிறது. 1972, 1973. அமாவாசையை ஒட்டி வருவதால் இரண்டு முறையும் மாதக் கடைசி நாட்களின் நோன்பு, பெருநாளுக்குச் சில நாள் முன்பு. சித்தி மாசமாக இருந்தது சின்ன அத்தையை வயிற்றில் சுமந்துதான். சின்ன அத்தை பிறந்தது 1973 பிப்ரவரி.

ஆக 1972. மீனாட்சிபுரத்துக்கு எட்டு வருடத்துக்கும் மேல் முந்தியே அவர் நோன்பு வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரே யார் காதிலும் விழாத காலம் அது.

பத்து வருடம் மறைத்து வைத்ததை 1982-ல் ஏன் தாளில் ஏற்றினார் என்று சின்ன அத்தையிடம் கேட்டேன். “எண்பத்தொண்ணுல அத்தன பேரு பட்டப்பகல்ல கலிமா சொன்னாங்கல்லா. நாம மட்டும் எதுக்கு இருட்டுல நிக்கணும்னு வாப்பா கேட்டாங்களாம். உம்மா சொல்லுவாங்க.” மீனாட்சிபுரம் அவரை மாற்றவில்லை. வெளியே வரத் தைரியம் கொடுத்திருக்கிறது. அதற்கு விலையும் உண்டு. 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி முஸ்லிமான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. ஒன்பது வயதில் பெயர் மாறிய சின்ன அத்தைக்கு அதற்குப் பிறகு சாதிச் சான்றிதழே தலைவலியாகிப் போனது. மதம் மாறியவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று தமிழக அரசு ஆணை போட்டது 2024-ல்தான். துட்டு வாங்கினார் என்று சொல்கிறவர்கள் அந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

தீபாவளி விஷயத்தைப் பெரிய அத்தையிடம் சொன்னேன். நோன்பு, அதனால்தான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று. நம்பாத மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதையோ கணக்குப் போட்டார்.

“அந்த ஐப்பசி மாசமெல்லாம் ஆச்சி விடிய மூணு மணிக்கே அடுப்பப் பத்த வச்சிருவா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பொகையில தூக்கம் வராது. இந்நேரத்துல யாருக்குச் சோறுன்னு கேட்டா, சித்தப்பனுக்கு லாரி லோடு இருக்கு, தூங்கு புள்ளன்னு சொல்லுவா.”

“லோடு இருந்துச்சா அத்தை?”

“மண்டி தொறக்குறதே எட்டு மணிக்குத்தாம்டே.”